ஆய்வு முறையியல்: அடிப்படைக் கருத்துகளும் கலைச்சொற்களும்

ஒரு வினாவுக்கான விடையை, அது எப்படிக் கிடைத்தது என்பதைப் பிறரும் சரிபார்க்கக்கூடிய விதத்தில் தேடுவதே ஆய்வு. தரவைத் திரட்டவும் பகுக்கவும் கையாளும் தனித்தனி உத்திகள் ஆய்வு முறைகள். எந்த வினாவுக்கு எந்த முறை பொருந்தும், அதன் முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை ஆராயும் துறை ஆய்வு முறையியல். வினாநிரல் தயாரிப்பது முறையைச் சேர்ந்தது. எடுத்துக்கொண்ட வினாவுக்கு வினாநிரல் ஏற்றதா, நேர்காணல் ஏற்றதா என்று தீர்மானிப்பது முறையியலைச் சேர்ந்தது.

முனைவர் பட்ட ஆய்வில் சேரும் மாணவருக்கு இத்துறையின் கலைச்சொற்கள் மனப்பாடம் செய்யவேண்டிய பட்டியலாகவே முதலில் அறிமுகமாகின்றன. உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை ஆய்வாளர் தவறக்கூடிய ஒவ்வோர் இடத்தை ஒட்டிப் பிறந்தவை. எந்தப் பிழையைத் தடுக்க ஒரு சொல் தேவைப்பட்டது என்று பார்த்தால் அதன் பொருளும், மற்றச் சொற்களோடு அதற்குள்ள உறவும் சேர்ந்தே விளங்கும்.

இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததே. நோயாளியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்து மருந்து கொடுப்பதும், வீட்டிலேயே இருக்கவிட்டு அதே மருந்தைக் கொடுப்பதும் ஒரே அளவு பலன் தருமா என்று அம்மையம் ஆராய்ந்தது. முடிவுகள் 1959-இல் வெளியாயின. ஆய்வின் ஒவ்வொரு படியையும் விளக்க இந்த ஆய்வு இடம் தருகிறது.

ஆய்வின் வகைகள்

நோக்கத்தைக் கொண்டு ஆய்வு அடிப்படை ஆய்வு, பயன்பாட்டு ஆய்வு என்று பிரிக்கப்படுகிறது. முன்னது ஒரு துறையின் அறிவை விரிக்கிறது. பின்னது நடைமுறைச் சிக்கல் ஒன்றைத் தீர்க்க முயல்கிறது. இருப்பதை இருக்கிறபடி பதிவு செய்வது விவரண ஆய்வு. அது ஏன் அப்படி இருக்கிறது என்று காரணம் தேடுவது விளக்க ஆய்வு. அதிகம் அறியப்படாத பொருளில் சரியான வினாக்களையே தேடுவது தொடக்கநிலை ஆய்வு.

தரவின் இயல்பைக் கொண்டு செய்யப்படும் பிரிவு அளவுசார் ஆய்வு, பண்புசார் ஆய்வு என்பது. எண்களால் அளந்து ஒப்பிடுவது அளவுசார் ஆய்வு. பேச்சு, நடத்தை, ஆவணம் ஆகியவற்றின் பொருளைச் சூழலோடு வைத்து விளக்குவது பண்புசார் ஆய்வு. இரண்டையும் திட்டமிட்டுச் சேர்ப்பது கலப்பு முறை ஆய்வு.

சிந்தனை செல்லும் திசையும் இரண்டு வகை. தனித்தனி நிகழ்வுகளைப் பார்த்துப் பொதுவிதிக்குச் செல்வது விதிவருமுறை. பொதுக்கோட்பாட்டிலிருந்து ஓர் எதிர்பார்ப்பை வருவித்து, அதை உண்மை நிகழ்வில் சோதிப்பது விதிவிளக்குமுறை. பெரும்பாலான ஆய்வுகளில் இரண்டும் மாறி மாறி வருகின்றன.

சிக்கலும் வினாவும்

ஆய்வுப் பொருள், ஆய்வுச் சிக்கல், ஆய்வு வினா என்ற மூன்றும் ஒன்றல்ல. ‘காசநோய்’ என்பது பொருள். நோயாளிகளின் எண்ணிக்கைக்குச் சானடோரியப் படுக்கைகள் மிகவும் போதாமல் இருந்ததும், வீட்டில் வைத்துப் பார்த்தால் நோய் குணமாகுமா, குடும்பத்தாருக்குப் பரவுமா என்பது தெரியாமல் இருந்ததும் சிக்கல். ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தால் இரு இடத்திலும் குணமாவோர் விகிதம் ஒன்றாக இருக்குமா என்பது வினா. பொருளிலேயே நின்றுவிட்ட ஆய்வேடு தகவல் திரட்டாக முடிகிறது. தரவைக் கொண்டு விடை சொல்லக்கூடிய வினா அமைந்த பிறகே அது ஆய்வாகிறது.

சிக்கலை வரையறுக்க உதவுவது முன்னாய்வு மீள்நோக்கு. அத்துறையில் அதுவரை வெளிவந்தவற்றைப் படித்து, எது நிறுவப்பட்டுள்ளது, எதில் கருத்து வேறுபாடு உள்ளது, எது தொடப்படவில்லை என்று பிரித்துக் காட்டுவது அதன் பணி. தொடப்படாத அந்தப் பகுதி ஆய்வு இடைவெளி எனப்படுகிறது. நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுருக்கித் தருவது மட்டும் மீள்நோக்காகாது. தேடிய தரவுத்தளங்கள், சேர்த்ததற்கும் விலக்கியதற்கும் வைத்த விதிகள் ஆகியவற்றை முன்கூட்டியே வகுத்துச் செய்வது முறைசார் மீள்நோக்கு. அப்படித் திரட்டிய பல ஆய்வுகளின் எண்களை ஒன்றுசேர்த்துக் கணிப்பது தொகுப்புப் பகுப்பாய்வு.

கருதுகோளும் மாறிகளும்

ஆய்வு வினாவுக்கு ஆய்வாளர் முன்வைக்கும், சோதித்துப் பார்க்கத்தக்க தற்காலிக விடையே கருதுகோள். அது பொய்யாகவும் வாய்ப்பிருக்க வேண்டும். எந்த நிகழ்வு நேர்ந்தாலும் தனக்குச் சாதகமாக விளக்கிக்கொள்ளும் கூற்றை அறிவியல் கூற்றாகக் கொள்ள முடியாது என்று கார்ல் பாப்பர் 1934-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். பொய்ப்பிக்கத்தக்க தன்மை என்ற அளவுகோல் அங்கிருந்து வந்தது. எல்லா ஆய்வுக்கும் கருதுகோள் தேவையில்லை. விவரண ஆய்வுக்கும் பல பண்புசார் ஆய்வுகளுக்கும் தெளிவான வினாவே போதும்.

ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் வேறுபடக்கூடிய பண்பு மாறி எனப்படுகிறது. விளைவை உண்டாக்குவதாகக் கருதப்படுவது சாரா மாறி. விளைவாக அளக்கப்படுவது சார்ந்த மாறி. சென்னை ஆய்வில் சிகிச்சை நடந்த இடம் சாரா மாறி. சளியில் காசநோய்க் கிருமி மறைவது சார்ந்த மாறி. இரண்டையும் தொட்டு நின்று உண்மை உறவை மறைக்கவோ, இல்லாத உறவைக் காட்டவோ செய்வது குழப்பும் மாறி. வசதி படைத்தவர்கள் மட்டும் சானடோரியத்துக்குப் போயிருந்தால், அவர்கள் குணமானதற்குச் சானடோரியம் காரணமா, நல்ல உணவு காரணமா என்று பிரித்தறிய முடியாது.

கருத்தளவில் உள்ள மாறியை அளக்கத்தக்க செயலாக மாற்றிச் சொல்வது செயல்முறை வரையறை. ‘குணமடைதல்’ என்பது கருத்து. குறிப்பிட்ட கால இடைவெளியில் எடுத்த சளி மாதிரிகளை வளர்ப்பு ஊடகத்தில் வைத்தபோது கிருமி வளரவில்லை என்பது அதன் செயல்முறை வரையறை. வறுமை, கல்வியறிவு, மன உளைச்சல் போன்ற சொற்களைப் பற்றிய சர்ச்சைகளில் பல, இந்த வரையறை ஆளுக்கு ஆள் மாறுவதால் எழுபவை.

ஆய்வு வடிவமைப்பு

யாரிடம், எதை, எப்போது, எந்த ஒப்பீட்டில் பார்ப்பது என்ற முழுத் திட்டமே ஆய்வு வடிவமைப்பு. அதன் முதல் பெரும்பிரிவு சோதனை ஆய்வு, நோக்கீட்டு ஆய்வு என்பது. சாரா மாறியை ஆய்வாளரே மாற்றி விளைவைப் பார்ப்பது சோதனை. இயல்பாக நடப்பதைத் தலையிடாமல் பதிவு செய்வது நோக்கீடு.

சோதனையில் புதிய சிகிச்சை பெறுவோர் சோதனைக் குழு; ஒப்பிடுவதற்காக வைக்கப்படுவோர் கட்டுப்பாட்டுக் குழு. எந்தக் குழுவில் யார் சேர்வது என்பதை ஆய்வாளரோ பங்கேற்பாளரோ தேர்ந்தெடுக்காமல் குலுக்கல் போன்ற வழியில் விடுவது சமவாய்ப்பு ஒதுக்கீடு. வயது, உணவு, நோயின் தீவிரம் என்று தெரிந்த மாறிகளோடு, தெரியாத மாறிகளும் இரு குழுவிலும் ஏறக்குறைய சமமாகப் பரவ இது வழிசெய்கிறது. பிரிட்டனில் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லின் புள்ளியியல் வழிகாட்டலில் நடந்த, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் சோதனை இதற்கு முன்னோடி. 1948-இல் வெளியான அதன் அறிக்கையின்படி, ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தனர். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு எந்தப் படம் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது தெரிவிக்கப்படவில்லை. இது மறைப்பு எனப்படுகிறது. எதிர்பார்ப்பு மதிப்பீட்டைத் திருப்பிவிடாமல் அது காக்கிறது. பங்கேற்பாளர், ஆய்வாளர் இருவருக்குமே தெரியாதிருந்தால் அது இரட்டை மறைப்பு.

சென்னை ஆய்வில் 193 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் வீடு, சானடோரியம் என இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவுக்கும் ஐசோனியசிட், பாஸ் என்ற அதே இரு மருந்துகள் ஓராண்டு கொடுக்கப்பட்டன. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு அவை குறைவு. ஆயினும் குணமடைந்தோர் விகிதத்தில் இரு குழுவும் நெருங்கியே இருந்தன. குடும்பத்தாரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து 1966-இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளி வீட்டில் தங்கிச் சிகிச்சை பெற்றதால் அவர்களிடையே நோய் கூடுதலாகப் பரவவில்லை என்று காட்டியது.

சோதனை நடத்த முடியாத வினாக்களும் உண்டு. புகைபிடிக்குமாறு யாரையும் பணிக்க முடியாது. அங்கு நோக்கீட்டு வடிவங்கள் துணைபுரிகின்றன. நோயுற்றவரையும் நோயற்றவரையும் எடுத்துக்கொண்டு அவர்களின் பழைய பழக்கங்களை ஒப்பிடுவது நோயர்–ஒப்பீட்டாளர் ஆய்வு. ஒரு குழுவைத் தேர்ந்து பல ஆண்டுகள் பின்தொடர்வது தொடர்குழு ஆய்வு. ஒரே காலப்புள்ளியில் பலரை அளப்பது குறுக்குவெட்டு ஆய்வு. ரிச்சர்ட் டாலும் ஹில்லும் 1950-இல் முதல் வகை ஆய்வால் புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினர். பிறகு 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, ஏறக்குறைய 40,000 பேரின் புகைப்பழக்கத்தைப் பதிவு செய்து, இரண்டாம் வகை ஆய்வையும் தொடங்கினர். அதன் ஐம்பதாண்டு முடிவுகள் 2004-இல் வெளியாயின.

முழுமைத் தொகுதியும் மாதிரியும்

ஆய்வின் முடிவு யாருக்குப் பொருந்த வேண்டுமோ அந்த அனைவரும் முழுமைத் தொகுதி. அவர்களில் உண்மையில் ஆராயப்படுவோர் மாதிரி. மாதிரியைத் தேர்ந்தெடுக்கப் பயன்படும் பெயர்ப்பட்டியல் மாதிரிச் சட்டகம். தொகுதியிலுள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு இவ்வளவு என்று கணக்கிட முடிந்தால் அது நிகழ்தகவு மாதிரி. எளிய சமவாய்ப்பு மாதிரி, தொகுதியை வகைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் எடுக்கும் அடுக்கு மாதிரி, ஊர் அல்லது தெரு போன்ற திரள்களைத் தேர்ந்தெடுக்கும் கொத்து மாதிரி ஆகியவை இவ்வகை. கைக்கெட்டியவர்களை எடுக்கும் வசதி மாதிரி, குறிப்பிட்ட அனுபவம் உள்ளோரைத் தேடி எடுக்கும் நோக்க மாதிரி, ஒருவர் இன்னொருவரைக் காட்டச் சங்கிலியாக வளரும் பனிப்பந்து மாதிரி ஆகியவை நிகழ்தகவு சாராதவை.

மாதிரி பெரிதாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கையை 1936-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் உடைத்தது. லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட், லேண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். இதழின் சட்டகம் தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியல்களைச் சார்ந்திருந்தது. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அவர்கள் வசதியானவர்கள். சீட்டுப் பெற்றவர்களிலும் நால்வரில் ஒருவர் அளவுக்கே பதில் அனுப்பினர். முதல் குறை சட்டகச் சாய்வு. இரண்டாவது பதிலளிக்காமைச் சாய்வு. மாதிரியைப் பெருக்குவதால் தற்செயலாக நேரும் மாதிரிப் பிழை குறையும், சாய்வு குறையாது. இதைவிடப் பல மடங்கு சிறிய மாதிரியைக் கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியான வெற்றியாளரைக் கணித்தார்.

இந்தியாவில் மாதிரிக் கணக்கெடுப்பை நிலைநாட்டியவர், 1931-இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பி. சி. மகாலனோபிஸ். வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை மதிப்பிடும் பணியைச் சிறிய அளவில் தொடங்கி, ஆண்டுதோறும் விரித்தார். பெரிய ஆய்வுக்கு முன் அதன் கருவிகளையும் செலவையும் சோதிக்கும் முன்னோட்ட ஆய்வு அவர் திட்டங்களில் நிலையான இடம் பெற்றது. ஒரே பகுதியில் தனித்தனிக் களக்குழுக்கள் தனித்தனி மாதிரிகளை எடுக்க, முடிவுகளை ஒப்பிட்டுப் பிழையைக் கண்டறியும் முறையையும் அவர் வகுத்தார். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950-இல் தொடங்கியது.

தரவும் அளவீடும்

ஆய்வாளரே நேரடியாகத் திரட்டுவது முதன்மைத் தரவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போல வேறொரு நோக்கத்துக்காகப் பிறர் திரட்டியது இரண்டாம்நிலைத் தரவு. திரட்டும் கருவிகளில் பதிலளிப்பவரே நிரப்புவது வினாநிரல். ஆய்வாளர் கேட்டு நிரப்புவது நேர்காணல் படிவம். வினாக்களும் வரிசையும் மாறாமல் அமைவது கட்டமைத்த நேர்காணல். உரையாடல் போகும் திசைக்கு இடம் கொடுப்பது கட்டமைக்காத நேர்காணல்.

அளவீட்டு நிலைகளை எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946-இல் நான்காக வகுத்தார். பெயரளவையில் வேறுபாடு மட்டும் உண்டு: தாய்மொழி, இரத்த வகை. வரிசையளவையில் ஏறுவரிசை உண்டு, இடைவெளி சமமல்ல: முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு. இடைவெளியளவையில் சம இடைவெளி உண்டு, உண்மையான சுழி இல்லை: செல்சியஸ் வெப்பநிலை. விகிதவளவையில் சுழியும் உண்டு: எடை, வருமானம். எந்தத் தரவுக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்பதை இந்த நிலை தீர்மானிக்கிறது. தாய்மொழிகளுக்கு எண் கொடுத்துக் கணினியில் ஏற்றிய பிறகு, அவற்றின் சராசரி என்று ஓர் எண் வந்தாலும் அதற்குப் பொருளில்லை.

அளவீட்டின் தரத்தை இரண்டு சொற்கள் குறிக்கின்றன. ஒரே நிலையில் திரும்ப அளந்தால் ஒரே விடை கிடைப்பது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததையே அளப்பது ஏற்புடைமை. ஒரு கிலோ குறைத்துக் காட்டும் தராசு எத்தனை முறை வைத்தாலும் அதே எடையைக் காட்டும். அதற்கு நம்பகத்தன்மை உண்டு, ஏற்புடைமை இல்லை. ஆய்வு முழுவதற்கும் இச்சொல் விரிகிறது. கண்ட விளைவுக்குச் சொன்ன காரணமே காரணம் என்பது உறுதியானால் அக ஏற்புடைமை. அம்முடிவு வேறிடத்துக்கும் வேறு மக்களுக்கும் பொருந்தினால் புற ஏற்புடைமை. சென்னை ஆய்வில் வீட்டு நோயாளிகள் மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று வீட்டுக்குச் சென்றும் சிறுநீரைச் சோதித்தும் கண்காணிக்கப்பட்டது. அந்தக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் அதே பலனை எதிர்பார்க்க முடியுமா என்பது புற ஏற்புடைமை பற்றிய வினா. நேர்ப்பார்வையில் மருந்தை விழுங்கவைக்கும் முறையைச் சென்னை மையம் அடுத்தடுத்து ஆராய்ந்ததற்கு இவ்வினாவே பின்னணி.

பண்புசார் ஆய்வும் நூலாய்வும்

மக்களோடு நீண்ட காலம் வாழ்ந்து அவர்கள் வாழ்வைப் பதிவு செய்வது இனவரைவியல். அதன் முதன்மைக் கருவி பங்கேற்று உற்றுநோக்கல். தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆந்த்ரே பெத்தேய் எழுதி 1965-இல் வெளிவந்த ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ இவ்வகையில் புகழ்பெற்றது. இவ்வாய்வுகளில் மாதிரியின் அளவு முன்கூட்டியே முடிவாவதில்லை. புதிய நேர்காணல்கள் புதிய கருத்து எதையும் தராத கட்டம் வரும்வரை திரட்டல் தொடரும்; அக்கட்டம் நிறைவுநிலை. தரவிலிருந்தே படிப்படியாகக் கோட்பாட்டை எழுப்பும் தரவுவழிக் கோட்பாட்டு முறையைக் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-இல் முன்வைத்தனர். நேர்காணல் பதிவுகளைப் பகுதி பகுதியாகப் படித்துக் கருத்துப் பெயர் இடுவது குறியிடுதல். ஒரே பொருளை நேர்காணல், உற்றுநோக்கல், ஆவணம் எனப் பல வழிகளில் அணுகி ஒத்துப்பார்ப்பது மும்முனைச் சரிபார்ப்பு. ஆய்வாளரின் சாதி, பால், மொழி, கல்வி ஆகியவை களத்தில் அவருக்குக் கிடைக்கும் தகவலைப் பாதிக்கும் என்பதால், அவற்றை ஆய்வேட்டில் வெளிப்படச் சொல்லும் தன்னிலை விளக்கமும் எதிர்பார்க்கப்படுகிறது.

வரலாறு, இலக்கியத் துறைகளில் தரவு என்பது சான்று. கல்வெட்டு, ஓலைச்சுவடி, நிகழ்காலக் கடிதம் ஆகியவை முதன்மைச் சான்றுகள். அவற்றைப் பற்றி எழுதப்பட்டவை துணைமைச் சான்றுகள். சான்று உண்மையானதா என்று எழுத்தமைதி, காலம், பொருள் கொண்டு ஆராய்வது புறத்திறனாய்வு. உண்மையானதென்றால் அது சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று ஆராய்வது அகத்திறனாய்வு. பல சுவடிகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து, மூலத்துக்கு நெருங்கிய பாடத்தைத் தேர்வது பாடத்திறனாய்வு. உ. வே. சாமிநாதையர் 1887-இல் வெளியிட்ட சீவகசிந்தாமணிப் பதிப்பும் 1894-இல் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பும் தமிழில் இம்முறைக்கு வழிகாட்டின.

பகுப்பாய்வும் முடிவும்

திரட்டிய தரவைச் சராசரி, திட்ட விலக்கம், விகிதம் ஆகியவற்றால் சுருக்கிச் சொல்வது விவரணப் புள்ளியியல். மாதிரியிலிருந்து முழுமைத் தொகுதியைப் பற்றி ஊகிப்பது அனுமானப் புள்ளியியல். பின்னதன் மையத்தில் இருப்பது இன்மைக் கருதுகோள்: வேறுபாடு எதுவும் இல்லை என்ற எடுப்பு.

ரொனால்டு ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு தேநீர்ச் சோதனையால் விளக்கினார். கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா, தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்பதைச் சுவைத்தே சொல்லமுடியும் என்கிறார் ஒரு பெண்மணி. ஒவ்வொரு வகையிலும் நான்காக எட்டுக் கோப்பைகள் வரிசை மாற்றி வைக்கப்படுகின்றன. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. அவருக்கு அத்திறன் இல்லை என்ற இன்மைக் கருதுகோள் உண்மையானால், எல்லாவற்றையும் தற்செயலாகச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70-இல் 1, அதாவது சுமார் 1.4 விழுக்காடு. இன்மைக் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், கிடைத்த முடிவோ அதனினும் தீவிரமான முடிவோ வரும் நிகழ்தகவே பி-மதிப்பு. அது 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் வேறுபாட்டைப் பொருட்படுத்தத்தக்கதாகக் கொள்வது வழக்கம். இந்த எல்லை ஒரு மரபே, இயற்கை விதியன்று.

இல்லாத விளைவை உண்டென்று முடிவு செய்வது முதல் வகைப் பிழை. இருக்கும் விளைவைக் காணத் தவறுவது இரண்டாம் வகைப் பிழை. மாதிரி மிகச் சிறிதாக இருந்தால் இரண்டாவது பிழைக்கு வாய்ப்பு மிகுதி. பி-மதிப்பு விளைவின் பருமனைச் சொல்வதில்லை. மாதிரி போதிய அளவு பெரிதானால் அற்ப வேறுபாடும் புள்ளியியல் முக்கியத்துவம் பெறும். ஆகவே விளைவின் அளவையும், உண்மை மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்துத் தருவது நல்ல நடைமுறை.

இரண்டு மாறிகள் சேர்ந்து ஏறி இறங்குவது ஒட்டுறவு. ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது காரணத் தொடர்பு. முன்னதிலிருந்து பின்னதற்கு எப்போது செல்லலாம் என்பதற்கு ஹில் 1965-இல் ஒன்பது பார்வைகளை முன்வைத்தார். தொடர்பின் வலிமை, பல ஆய்வுகளில் ஒத்து வருதல், காரணம் விளைவுக்கு முந்தியிருத்தல், அளவு கூடக்கூட விளைவும் கூடுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். எதையும் முடிந்த முடிவான விதியாக அவர் வைக்கவில்லை.

ஆய்வு அறநெறி

அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களின் நோய்ப்போக்கை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை வெறுமனே கவனித்துவந்தது. பென்சிலின் அந்நோய்க்கு உரிய மருந்தாக நிலைபெற்ற பிறகும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. ஆய்வின் உண்மையான நோக்கமும் சொல்லப்படவில்லை. இது அம்பலமானதன் தொடர்ச்சியாக 1979-இல் வெளியான பெல்மான்ட் அறிக்கை, மனிதருக்கு மதிப்பு, நலம் நாடல், நீதி என்ற மூன்று கொள்கைகளை வகுத்தது. அதற்கு முன்னரே 1947-இன் நூரம்பெர்க் நெறிகளும் 1964-இன் ஹெல்சிங்கி அறிவிப்பும் வந்திருந்தன.

நோக்கம், இடர், விலகும் உரிமை ஆகியவற்றை விளங்கச் சொல்லிப் பெறும் சம்மதம் அறிந்த ஒப்புதல். தகவல் தந்தவரை அடையாளம் காட்டாதிருப்பது மறைகாப்பு. பெத்தேய் தம் கிராமத்துக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் இட்டது இதனால்தான். இரு சிகிச்சைகளில் எது மேல் என்று துறையினருக்கே உண்மையில் தெரியாதபோதுதான் நோயாளிகளைக் குலுக்கலில் பிரிக்கலாம் என்பது மருத்துவச் சோதனையின் அற நிபந்தனை.

எழுத்திலும் அறநெறி உண்டு. இல்லாத தரவைப் படைப்பது புனைவு. இருப்பதைத் திரிப்பது திரிபு. பிறர் எழுத்தையோ கருத்தையோ தமதாகக் காட்டுவது கருத்துத் திருட்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் படிப்படியாக நடவடிக்கை கூடி, 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். ஒப்புமை விழுக்காடு சொற்கள் ஒத்திருப்பதை மட்டும் காட்டும். சொல்லை மாற்றிக் கருத்தை எடுத்திருந்தால் அதைத் துறை அறிந்தவரே கண்டுபிடிக்க முடியும்.

வெளியீடும் மறுசெய்கையும்

ஆய்வேடு நெறியாளர், புறத்தேர்வாளர்களின் மதிப்பீட்டையும் வாய்மொழித் தேர்வையும் கடக்கிறது. இதழ்க் கட்டுரை துறை வல்லுநர்களின் மதிப்பாய்வைக் கடக்கிறது. மதிப்பாய்வு தருக்கத்தையும் முறையையும் சரிபார்க்குமே தவிர, தரவைத் திரும்பத் திரட்டுவதில்லை. அந்தப் பணி மறுசெய்கையைச் சேர்ந்தது. அதே தரவை அதே முறையில் பகுத்து அதே எண் வருகிறதா என்று பார்ப்பது மறுகணிப்பு. ஆய்வையே புதிய தரவோடு திரும்பச் செய்வது மறுசெய்கை. 2015-இல் வெளியான ஒரு கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகள் திரும்பச் செய்யப்பட்டன. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு பொருட்படுத்தத்தக்க முடிவைக் காட்டியிருந்தன. மறுசெய்கைகளில் அது 36 விழுக்காடாகக் குறைந்தது.

இந்த வேறுபாட்டுக்கு இரண்டு காரணங்கள் முக்கியமாகச் சொல்லப்படுகின்றன. விளைவு காட்டிய ஆய்வுகளையே இதழ்கள் விரும்பி ஏற்பது வெளியீட்டுச் சாய்வு. பி-மதிப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை தரவைப் பல விதமாகப் பகுத்துப் பார்ப்பது பி-வேட்டை. தரவைத் திரட்டும் முன்பே கருதுகோளையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் பொதுப் பதிவேட்டில் இடும் முன்பதிவு, மூலத்தரவையும் கணிப்பு நிரலையும் வெளியிடும் திறந்த தரவு ஆகியவை இவற்றுக்கு மாற்றாக நடைமுறைக்கு வந்துள்ளன. மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்ய இந்தியாவில் 2007 முதல் தனிப் பதிவேடு இயங்கிவருகிறது.